பக்கம் திருப்புகிறவள்

சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது, இனி இருமக்கூடாது, தும்மக்கூடாது, எச்சில் விழுங்கினால்கூட உள் அறையில் காதுக்கருவி மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும், ரிக்கார்டு எடுக்க வந்த அந்த ஹன்னாவுக்குக் கேட்டுவிடுமாம், கேட்கட்டும், விழுங்குகிறேன், என்ன செய்துவிடுவாள். வளையலைக் கழற்றச் சொன்னாள், கழற்றினேன். கைக்கடிகாரம் டிக்கென்கிறது என்றாள், அதையும் கழற்றினேன். பட்டுச் சேலை சரசரக்கும் என்று நூல் சேலை, செருப்பு கூடாது என்று இந்தக் கொடைக்கானல் குளிரில் வெறும் காலுறை, நாற்காலி கிறீச்சிடுகிறது என்று அதையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள், நான் பியானோவுக்கு இடப்பக்கம் துணி காயப்போடும் கம்பு போல நின்றுகொண்டிருக்கிறேன். மதியம் பட்டினி கிடக்காதீர்கள் டார்கஸ், வயிறு இரைந்தால் பதிவில் விழுந்துவிடும் என்று என்னிடம் மட்டும் தனியாக வந்து சொன்னாள். அந்தப் பியானோக்காரனுக்கு வயிறு கிடையாதா? மேலே தகரக் கூரை. காலையிலிருந்து ஒவ்வொரு முறை பாட்டு நன்றாக வரும்போதும் ஒரு குரங்கு தடதடவென்று ஓடி அதைக் கெடுத்தது. வாட்ச்மேன் காளியப்பனை ஒரு மூங்கில் கம்போடு வெளியே நிறுத்தியிருக்கிறார்கள், அவனாவது நடக்கலாம், பீடி குடிக்கலாம். இது கடைசிப் பாட்டு. சாயங்காலம் வேன் வந்து இவர்களை மலையிறக்கிக்கொண்டு போய்விடும், அதற்குள் இது சரியாக வராவிட்டால் கடைசிப் பாட்டே இல்லாமல்தான் ரிக்கார்டு வரும் என்று ஹன்னா ஒலிபெருக்கியில் சொன்னபோது என் தங்கை லோயிஸ் தலையை மட்டும் ஆட்டினாள். என்னைப் பார்க்கவில்லை. மூன்று நாளாக என்னைப் பார்க்காமலேதான் பாடிக்கொண்டிருக்கிறாள்.

ஆரம்பித்துவிட்டான் ஃபீலிக்ஸ். பாட்டுக்கு முன்னால் வரும் பியானோ, சின்னதுதான், ஜன்னல் வெளிச்சம் தரையில் நகர்வதுபோல ஒன்றுமே ஆகாமல் நகர வேண்டிய இடம், இவன் அதில் சர்க்கரையைக் கொட்டுகிறான். என்ன பெடல் அது, நனைந்த கம்பளி மாதிரி. எல்லாம் சுத்தமாக இருக்கிறது, ஒரு சுரம் பிசகாது, அதுதான் எரிச்சல், பிசகினாலாவது மன்னித்துவிடலாம். இந்தப் பியானோவின் மேல் பக்கத்து மூன்று கட்டைகள் மழைக்காலத்தில் லேசாக ஒட்டிக்கொள்ளும், இருபத்தைந்து வருஷமாக இந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு இதில் பாடம் எடுக்கிற எனக்குத் தெரியும், அவனுக்கு நேற்றுத்தான் தெரிந்தது, தெரிந்ததும் ஹன்னாவிடம் போய்ப் புகார் சொன்னான். நான் வாசித்திருக்க வேண்டிய பாட்டு. இதை யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் வயிற்றெரிச்சல் என்பார்கள், வயிற்றெரிச்சல்தான், வேறென்ன. ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் லோயிஸ் வியன்னாவிலிருந்து வருவாள், வந்த மறுநாளே, அக்கா பியானோவைத் திற என்பாள். பாத்திரம் கழுவாமல் கிடக்கும், பிளம் கேக் அடுப்பில் கருகும், நாங்கள் இந்த ஜெர்மன் பாட்டுகளை ஒவ்வொரு வரியாகப் பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருப்போம். இதையெல்லாம் ஒருநாள் ரிக்கார்டு பண்ணணும்க்கா, நீ வாசி, நான் பாடுதேன் என்று சொன்னது அவள்தான், நான் கேட்கவில்லை. கம்பெனியும் சம்மதித்தது. பிறகு பிப்ரவரியில் ஒரு போன். கம்பெனியில ஒத்துக்கலக்கா, பேரு தெரிஞ்ச ஆளு வாசிச்சாத்தான் விக்குமாம், நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன். சரி என்றேன். பிறகு அவளே, நீ பக்கத்துல நின்னு பக்கம் திருப்புதியாக்கா என்றாள். அதற்கும் சரி என்றேன், எனக்கு ஏன் அப்படி ஒரு வாய். போனை வைத்துவிட்டு அடுத்த பாடத்துக்கு வந்த பிள்ளையை ஸ்கேல் தப்பாக வாசித்ததற்காக அழ வைத்தேன். அந்தப் பிள்ளை தப்பாக வாசிக்கவில்லை.

வேர்களைத் தேடி வந்த குரல் என்று ரிக்கார்டு அட்டையில் போடப்போகிறார்களாம். நேற்று பனிமூட்டத்தில் அவளை யூகலிப்டஸ் மரத்தடியில் நிறுத்தி வைத்துப் படம் எடுத்தார்கள், ஃபீலிக்ஸ் ஒரு கம்பளிச் சால்வையைப் போர்த்திக்கொண்டு பக்கத்தில் நின்றான், என் சால்வை அது. என்னைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார்கள், படத்துக்குள் விழுகிறேனாம். எந்த வேர்? எங்கள் அப்பா நாசரேத்திலிருந்து இங்கே கணக்கு எழுத வந்தவர், அவருக்குப் பாட்டென்றாலே தலைவலி, வீட்டில் யாரும் ஜெர்மன் பாட்டைக் கேட்டதில்லை, நாங்கள் இரண்டு பேரும்தான் எதற்கென்றே தெரியாமல் அதில் போய் விழுந்தோம். இதை அந்த அட்டையில் எழுத மாட்டார்கள். இதோ பாட ஆரம்பித்துவிட்டாள். பியானோவின் வளைவில் நின்றுகொண்டு, முகம் அந்தப் பக்கம், எனக்கு முதுகுதான் தெரிகிறது, சாம்பல் நிறக் கம்பளிச் சட்டைக்குள் இரண்டு தோள்பட்டை எலும்புகள். நன்றாகத்தான் இருக்கிறது. முதல் வரி எப்போதும் நன்றாகத்தான் இருக்கும் இவளுக்கு, முதல் வரியிலேயே ஊரை விலைக்கு வாங்கிவிடுவாள், ஹன்னா உள்ளே கண்ணை மூடிக்கொண்டிருப்பாள். ஜன்னலோரம் ஒருத்தி நிற்கிறாள், கப்பலேறிப் போனவன் திரும்பவில்லை, தெருவில் போகிற அண்டை வீட்டுக்காரிகள் காத்திருக்கிறாயா என்று விசாரிக்கிறார்கள். இந்த விசாரிப்பில் கொஞ்சம் விஷம் வேண்டும் என்று எத்தனை தடவை சொன்னேன், அப்போதெல்லாம் வரவில்லை, இப்போது இவன் சர்க்கரைப் பாகுக்கு மேலே அது எப்படி வருகிறது பார். அக்காவிடம் வராதது அந்நியனிடம் வரும். எதையும் நன்றாக இருக்கிறது என்று நான் அவளிடம் சொன்னதில்லை, சிறுவயதிலிருந்தே, நன்றாக இருந்தால் அடுத்த வரிக்குப் போய்விடுவேன், மோசமாக இருந்தால்தான் வாயைத் திறப்பேன். கைதட்ட வேறு ஆட்கள் இருந்தார்கள், ஊர் ஊராக இருந்தார்கள். இதோ தலையை ஆட்டுகிறான், திருப்பு என்று, எனக்குத் தெரியாதா திருப்ப, மாட்டுக்குச் சொல்வது போல. திருப்பியாயிற்று. தாள் சத்தமே வரவில்லை. அதற்கு யாரும் நன்றி சொல்லப்போவதில்லை.

தொண்டையில் என்னவோ ஊறுகிறது. இருமல். சும்மா நினைத்ததால் வருகிறதா, உண்மையிலேயே வருகிறதா, நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி வைத்துக்கொள், மூக்கால் மூச்சு விடு, மெதுவாக. ஒரே ஒரு இருமல் போதும். எல்லாம் போய்விடும், கடைசிப் பாட்டு போய்விடும், வேன் வந்துவிடும், அவளுக்கு எல்லோரும் எதற்காகக் கைதட்டினார்களோ அந்த ஒரு பாட்டு இல்லாமல் ரிக்கார்டு வரும். ஐயோ மன்னித்துக்கொள்ளுங்கள், குளிர், என்பேன். யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. இல்லை, இருமல் வேண்டாம், இருமினால் வயசான பெண் பிள்ளை, அடக்கத் தெரியவில்லை என்பார்கள், அந்தப் பெயர் எதற்கு. அதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. அடுத்து திருப்ப வேண்டிய இடம் அந்த நீண்ட வரியின் நடுவில் வருகிறது. பாட்டே அந்த வரிதான். காத்திருக்கவில்லை, ஜன்னல் திறந்திருக்கிறது, காற்றுக்காகத் திறந்து வைத்தேன், அவ்வளவுதான் என்று அந்தப் பெண் ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டே போகிறாள், நிறுத்தினால் அழுதுவிடுவாள், அதனால் நிறுத்துவதில்லை, மேலே ஏறி, அங்கேயே நின்று, இறங்குகிற வரை. அதை ஒரே மூச்சில் பாடுகிறவர்கள் குறைவு. லோயிஸ் பாடுவாள். ஏதோ பத்திரிகைக்காரன் அந்த மூச்சைப் பற்றி மட்டும் அரைப் பக்கம் எழுதியிருந்தான், வெட்டி எனக்கு அனுப்பினாள், ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்தேன், பிறகு ஒருநாள் கழற்றிவிட்டேன். அந்த வரியின் நடுவில்தான் தாள் முடிகிறது. ஒரு தாளுக்குப் பதில் இரண்டு தாளைச் சேர்த்துத் திருப்பிவிட்டால்? பக்கம் திருப்புகிறவர்களுக்கு உலகம் முழுக்க நடக்கிற விபத்து, ஒட்டிக்கொண்டது, ஈரக்காற்று, மன்னிக்கணும். ஃபீலிக்ஸ் முன்னால் வேறு ஏதோ பாட்டின் நடுப்பக்கம் இருக்கும். நான் இந்த வரியைத் தூக்கத்தில்கூட வாசிப்பேன், அவனுக்குத் தாளில்லாமல் வராது, தலையை உயர்த்தி என்னைப் பார்ப்பான், மூன்று நாளில் முதல் தடவையாகப் பார்ப்பான். இடது கையை மேல் மூலைக்குக் கொண்டு போகிறேன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு தாள். இன்னும் கொஞ்சம் அழுத்தி உருட்டினால் இரண்டு. இதோ இரண்டு. உள்ளங்கை வேர்த்திருக்கிறது, இந்தக் குளிரில். பயமாக இருக்கிறதா? ஆமாம், பயமாகத்தான் இருக்கிறது, செய்துவிடுவேன் என்று பயம், செய்யாமல் விட்டுவிடுவேனோ என்று அதைவிடப் பயம். செய்யாவிட்டால் இந்த ரிக்கார்டு வரும், மேசைமேல் கிடக்கும், வருகிறவர் போகிறவரெல்லாம் எடுத்துப் பார்த்து, உங்க தங்கச்சி பாடுனதா, நீங்க வாசிச்சதா டீச்சர் என்பார்கள், நான் அட்டையைத் திருப்பிப் பொடி எழுத்தில் என் பெயர் எங்கே இருக்கிறது என்று காட்ட வேண்டும். பள்ளிக்கூடத்துச் சமையல்காரருக்கும் அதே வரியில்தான் நன்றி போடப்போகிறார்களாம். செய்யத்தான் வேண்டும். வரி வருகிறது. தோள்பட்டை எலும்புகள் விரிகின்றன, மூச்சை இழுக்கிறாள், ஆழமாக, இன்னும் ஆழமாக, போதும்டி, ஏன் இவ்வளவு, இவ்வளவு இழுக்க மாட்டாயே நீ, ஆரம்பித்துவிட்டாள், காத்திருக்கவில்லை, ஜன்னல் திறந்திருக்கிறது, ஃபீலிக்ஸின் தலை எனக்காக ஆடுகிறது, இரண்டு தாளும் விரலில் இருக்கிறது, காற்று என்ற சொல் மேலே ஏறுகிறது, ஏறி

நின்றுவிட்டது. சொல்லின் நடுவில். கத்தி வைத்து அறுத்தது போலச் சொல் இரண்டாகிவிட்டது, நடுவில் ஒரு மூச்சு, சின்னது, யாருக்கும் கேட்காத அளவுக்குத் திருடி எடுத்த மூச்சு, எனக்குக் கேட்டது. விரலிலிருந்து ஒரு தாள் தானாக நழுவியது, மற்றதைத் திருப்பியிருக்கிறேன், எப்போது திருப்பினேன் என்று தெரியவில்லை, மிச்சம் என்ன வருகிறது என்று எனக்குக் கேட்டாக வேண்டியிருந்தது. மிச்சம் வருகிறது. சொல்லின் மறுபாதி. அழகாகத்தான் வருகிறது, ஆனால் அடியில் தரை இல்லை, முட்டுக்கொடுத்து நிறுத்திய கூரை. இவள் மூச்சோடு என் விரல்கள் எத்தனை வருஷம் நடந்திருக்கின்றன, எங்கே தீரும் எங்கே மிஞ்சும் என்று என் கைக்குத் தெரியும், மூச்சு அவளை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது, இது ஜலதோஷமில்லை, மலைக்காற்றில்லை. போன கிறிஸ்மஸில் இந்தப் பாட்டை மட்டும் எடுக்கவே மாட்டேன் என்றாள், தொண்டை கட்டியிருக்குக்கா, அப்புறம் பாக்கலாம், நானும் விட்டுவிட்டேன். அப்போதே. சந்தோஷமாக இருக்கிறது. ஆமாம், மறைத்து என்ன ஆகப்போகிறது, நெஞ்சுக்குள்ளிருந்து சந்தோஷம் பொங்கிக்கொண்டு வருகிறது, நான் ஒன்றுமே செய்ய வேண்டியிருக்கவில்லை, தானாகவே நடந்துவிட்டது, பதிவாகியும் விட்டது, இனி எந்தக் காலத்திலும் யார் போட்டுக் கேட்டாலும் அந்த இடத்தில் அது உடையும். குரல் முடிந்துவிட்டது. இனி பியானோ மட்டும், ஃபீலிக்ஸ் தன் பாகைக் காய்ச்சி இறக்குகிறான், கடைசிச் சுரம், அது கரைந்து மரக் கூரைச் சட்டத்துக்குள் போகிறவரை யாரும் அசையக்கூடாது, நான் அசையவில்லை, இருமல் எங்கே போனதென்றே தெரியவில்லை, சந்தோஷமும் கூடவே எங்கோ போய்விட்டது. விளக்கு அணைந்தது.

ஒலிபெருக்கியில் ஹன்னா அழுகிறாள். அழுதுகொண்டே பேசுகிறாள், இங்கிலீஷில், அந்தச் சொல்லை உடைத்தாயே லோயிஸ், அந்த நிறுத்தம், என்ன துணிச்சல், இதுவரை யாரும் அதை அப்படி யோசித்ததே இல்லை, அந்தப் பெண்ணின் பொய் அங்கேதான் உடைகிறது, இதுதான் நம் ரிக்கார்டு. படித்த முட்டாள். இத்தனை மைக்கை வைத்துக்கொண்டு, என் வயிறு இரைவதற்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தவளுக்கு மூச்சு தீர்ந்த சத்தம் கலையாகக் கேட்டிருக்கிறது. ஃபீலிக்ஸ் முன்கையைத் தூக்கிக் காட்டுகிறான், மயிர்க்கூச்செறிந்ததாம். நாளைக்குப் பத்திரிகைக்காரனும் இதையே எழுதுவான், பாடும் பிள்ளைகள் எல்லாம் அந்த இடத்தில் வேண்டுமென்றே நிறுத்துவார்கள், பேசாமல் விட்டுவிட்டால் போதும். லோயிஸ் திரும்பினாள். மூன்று நாளில் முதல் தடவையாக நேராக என் முகத்தைப் பார்த்தாள். கன்னம் ஒட்டிப் போயிருக்கிறது இவளுக்கு, எப்படி இதைக் கவனிக்காமல் விட்டேன்.

"எப்படிக்கா இருந்துச்சு?"

என்ன சொல்வதென்று யோசிக்கவே இல்லை. "நல்லா இருந்துச்சு" என்றேன்.

அவள் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் இறங்கிவிட்டது. பியானோவைப் பிடித்துக்கொண்டு என் பக்கமாகச் சுற்றி வந்தாள், ஃபீலிக்ஸ் நாங்கள் கட்டிக்கொள்ளப்போகிறோம் என்று நினைத்து மரியாதையாக எழுந்து தள்ளிப் போனான். தமிழில் பேசினால் இவர்களுக்குப் புரியாது என்றாலும் அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"போச்சாக்கா?"

"எப்போ இருந்து?"

"கிறிஸ்மஸுக்கு முன்னாடியே. டாக்டர்ட்ட காட்டுனேன். நெஞ்சுல ஒண்ணும் இல்லங்காரு, வயசுங்காரு, சில பேருக்குச் சீக்கிரமே வருமாம்."

"கம்பெனிக்குத் தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது." உதட்டைக் கடித்துக்கொண்டாள், சின்ன வயதில் பொய் சொல்லி மாட்டிக்கொண்டால் கடிப்பாளே, அப்படி. "கம்பெனி ஒண்ணும் சொல்லலக்கா. யாரு வாசிச்சாலும் அவங்களுக்கு ஒண்ணுதான். நான்தான் உன்ன வேண்டாம்னேன். நீ வாசிச்சா முத நாளே கண்டுபுடிச்சிருப்ப. நான் மூச்சு எடுக்கிறதுக்கு முன்னாடியே உன் கை நின்னுரும். அது நிக்கிறதப் பாத்துட்டு நான் எப்படிப் பாட?"

பிப்ரவரியிலிருந்து. எத்தனை ராத்திரி பேர் தெரியாத அந்தக் கம்பெனிக்காரர்களைக் கரித்துக் கொட்டியிருக்கிறேன், இந்த வெள்ளைக்காரப் பையன் விரலில் புண் வரட்டும் என்று ஜெபத்தின் நடுவில் நினைத்திருக்கிறேன், என் கையையே பார்த்துப் பார்த்து இது லாயக்கில்லாத கை என்று பிள்ளைகள் முன்னால் வாசிப்பதைக்கூட நிறுத்தியிருந்தேன். ஆறுதல் வர வேண்டும்தானே இப்போது? வரவில்லை. கன்னத்தில் ஒன்று விடலாம்போல இருக்கிறது.

"பின்ன எதுக்குடி பக்கம் திருப்பக் கூப்பிட்ட? அதுக்கு இந்தப் பள்ளிக்கூடத்துல வேற ஆளா இல்ல?"

"உன்ன விட்டுட்டுப் பாட பயமா இருந்துச்சுக்கா."

"கூட வச்சுக்கிட்டும் பயம், விட்டுட்டும் பயம். வெட்கமா இல்ல உனக்கு?"

"இல்ல" என்றாள். அழவில்லை. பாடுகிறவர்கள் பாட்டுக்கு நடுவில் அழ மாட்டார்கள், தொண்டை வீங்கிவிடும்.

ஒலிபெருக்கி கரகரத்தது. வேன் டிரைவரிடம் பேசிவிட்டாளாம் ஹன்னா, கொஞ்ச நேரம் இருக்கிறதாம், கையில் ஒன்று இருக்கிறது, இருந்தாலும் பாதுகாப்புக்கு இன்னொன்று எடுத்து வைத்துக்கொள்ளலாம், அதே இடத்தில் அதே நிறுத்தம், மறந்துவிடாதே லோயிஸ். ஃபீலிக்ஸ் வந்து உட்கார்ந்து கைகளைத் தேய்த்துக்கொண்டான். லோயிஸ் தன் இடத்துக்குப் போகவில்லை.

"நீ வெளிய போய் நில்லேன்க்கா. தெரிஞ்சவ பக்கத்துல நின்னா எனக்கு வராது. பக்கத்த அவனே எப்படியோ திருப்பிக்கிடட்டும்."

கதவைத் திறந்தால் காளியப்பன் இருப்பான், வெயில் கொஞ்சம் மிச்சமிருக்கும், செருப்பைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கே போய்விடலாம், யாரும் தடுக்கப்போவதில்லை. எழுதிக் கொடுத்துவிட்டது போல எல்லாப் பக்கமும் எனக்கு நியாயம் இருக்கிறது. நான் தாள்களை முதல் பக்கத்துக்குத் திருப்பி வைத்தேன். நடுவில் ஒட்டியிருந்த இரண்டையும் நகத்தால் பிரித்து, தனித்தனியாக நீவிவிட்டேன். அவள் இன்னும் நின்றுகொண்டிருந்தாள், கைகள் இரண்டும் கம்பளிச் சட்டைக்குள்.

"ஆரம்பத்துல ஏன் அவ்வளவு மூச்ச இழுக்குற? தோளு தூக்குது. பாதி போதும். எங்க தீருதோ அங்க தீரட்டும், திருடாத, எல்லாருக்கும் கேக்குற மாதிரி எடு."

"அக்கா, போயேன்."

"போக மாட்டேன்" என்றேன். "பாடு."